பூனை உள்ள வீட்டுக்குச் செடி வாங்குமுன்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது கொஞ்சம் நீளும். வீட்டுக்குப் பூனைக்குட்டி வந்திருக்கிறது, காற்றைச் சுத்தமாக்கும் செடியாக நாலு வாங்கி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று காற்று, இன்னொன்று பூனையின் வாய். நர்சரியில் நிற்கும்போது நினைவில் இருக்க வேண்டியது வாய்தான். காற்றுக்கு வேறு வழி இருக்கிறது.

செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு பெரும்பாலும் நாசாவின் 1989ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வந்தது. விண்வெளி நிலையம் மாதிரி மூடிய இடத்தில் மனிதர்கள் நெடுநாள் தங்கினால் என்ன செய்வது என்பதுதான் ஆய்வாளர் வால்வர்டனின் அக்கறை. காற்றுப் புகாத பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களைச் செலுத்தி, ஒரு நாள் விட்டு அளந்தார்கள். வாயுவின் அளவு குறைந்திருந்தது. இலைக்கும் அதில் பங்கு உண்டு, வேர்மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் உண்டு. ஆய்வில் குற்றமில்லை. ஆனால் செடிகளின் பட்டியல் ஊரெங்கும் பரவிய அளவுக்கு அந்தப் பெட்டியைப் பற்றிய செய்தி பரவவில்லை.

நாம் குடியிருப்பது பெட்டியில் இல்லை. ஜன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கு வழியாகக் காற்று வந்து போய்க்கொண்டே இருக்கும். அந்த வேகத்துக்குச் செடியால் ஈடுகொடுக்க முடியாது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கமிங்ஸ், வாரிங் இருவரும் 2019இல் பழைய சோதனை முடிவுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் காற்று மாறுவதால் கிடைக்கும் பலனைச் செடியால் பெற வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடி வரை தேவை. பத்தடிக்குப் பத்தடி அறையென்றால், மிகக் குறைந்த கணக்கிலேயே 90 தொட்டியைத் தாண்டிவிடும்.

காற்றைப் பற்றிய கவலை உண்மையாக இருந்தால் முதலில் கொசுவர்த்தியை நிறுத்துங்கள். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம். நாசா பெட்டிக்குள் விட்ட அதே ஃபார்மால்டிஹைடும் அந்தப் புகையில் இருக்கிறது. ஜன்னலுக்கு வலை அடித்துத் திறந்து வையுங்கள். தாளிக்கும்போது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். ஊதுபத்தியை மூடிய அறையில் ஏற்ற வேண்டாம். இத்தனை செய்தால் செடியிடம் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அதன் பச்சையும் புதுத்தளிரும் போதும், செடி வளர்க்க அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி வாய்க்கு வருவோம். கருணைக்கிழங்கு நறுக்கினால் கை ஏன் அரிக்கிறது? புளி விடாமல் சமைத்தால் தொண்டை ஏன் நமநமக்கிறது? அதனுள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. ஊசி போன்று கூரானவை, கண்ணுக்குத் தெரியாத கட்டுகளாகச் செல்லுக்குள் அடுக்கியிருக்கும். கடித்ததும் நாக்கிலும் ஈறிலும் தைக்கும். கருணையும் சேப்பங்கிழங்கும் உள்ள அதே குடும்பம்தான் மணி பிளான்ட், பீஸ் லில்லி, டிஃபன்பேக்கியா, அக்லோனிமா, பிலோடென்ட்ரான், சிங்கோனியம், இசட் இசட் பிளான்ட் எல்லாம். நம் வரவேற்பறைச் செடிகளில் பல இந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள். பூனை ஒரு வாய் கடித்தால் எச்சில் ஒழுகும், முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொள்ளும், வாந்தி எடுக்கும். உயிர் போவது அரிது, ஆனால் அந்த எரிச்சலைச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

ஸ்நேக் பிளான்ட், சோற்றுக்கற்றாழை இரண்டும் வேறு வகை நஞ்சு. வாந்தியும் பேதியும் வரும். அவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றலாம். ஆனால் பூனைக்கு எட்டாத இடம் என்று வீட்டில் எது இருக்கிறது?

உயிருக்கே ஆபத்தானவை இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். குட்டைப் பனை போலத் தோன்றும் சைகஸ் கல்லீரலைக் கெடுக்கும், அதன் கொட்டை மிகக் கொடியது. அது பனைக் குடும்பமே இல்லை. அடுத்தது பூங்கொத்தில் வரும் உண்மையான லில்லி. இதழோ இலையோ வேண்டாம், மயிரில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். பூனை உள்ள வீட்டுக்கு அந்தப் பூங்கொத்து வரவே கூடாது.

வாங்கக்கூடியவை நிறைய உண்டு. அரிக்கா பாம், ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன், கலாத்தியா, பெப்பரோமியா. பூனைக்கும் நாய்க்கும் இவை நஞ்சில்லை. அளவுக்கு மீறித் தின்றால் கக்கிவிடும், அவ்வளவுதான். பெயரில் ஃபெர்ன் என்று ஒட்டியிருக்கும் அஸ்பாரகஸ் ஃபெர்னை மட்டும் இவற்றோடு சேர்த்து எடுத்துவிடாதீர்கள், அது ஃபெர்னும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஒரு தொட்டியில் அருகம்புல் வளர்த்துக் கீழே வைத்தால் மற்றதன் மேல் பல் படுவது குறையும்.

செடியைப் பார்க்கும் நாம் மண்ணைப் பார்ப்பதில்லை. உரமென்று நர்சரியில் கொடுக்கும் ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும், அதன் வாசனைக்கு நாய்கள் தேடிவந்து தின்னும். நாய் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம், மண்புழு உரம் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கு கொசுவுக்கு அது போதும்.

இவ்வளவு பார்த்தும் எதையாவது தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே தனி ஆபத்து. வாயில் ஒட்டியிருக்கும் இலையைத் துடைத்தெடுத்துவிட்டு, கடித்த செடியின் ஒரு கிளையையோ படத்தையோ கையோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். லில்லி, சைகஸ், ஆமணக்கு என்றால் நன்றாகத்தானே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.