புது எஞ்சின் எண்ணெய் குடிக்குமா?

மோட்டார் வண்டிக்குப் பெட்ரோல் உணவு. எண்ணெயோ அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேயாமல் காக்கும் காவல். உணவு செலவாவது இயல்பு, காவலும் செலவாகலாமா என்று புது வண்டி வாங்கியவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. செலவாகும் என்பதுதான் விடை. ஒரு சொட்டும் செலவாகாத எஞ்சினை எவரும் இதுவரை செய்ததில்லை. செய்தாலும் அது நெடுநாள் ஓடாது. எவ்வளவு செலவாகலாம், எதுவரை பொறுக்கலாம், எதனால் செலவாகிறது என்பவையே நாம் ஆராய வேண்டியவை.

நம் சங்கத்து நண்பர்களில் கார் வைத்திருப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின் எதற்கு இக்கட்டுரை என்று கேட்பீர்கள். நம்மில் பலருடைய தந்தையோ, சிற்றப்பாவோ, மாமாவோ இந்நகரில் டாக்சியோ டெம்போவோ ஓட்டிப் பிழைத்தவர்கள். அன்றியும் நான் குடியிருக்கும் டோம்பிவிலிக்கும் காருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. கல்யாண்–ஷீல் சாலையில் இன்றும் பேருந்தில் ‘பிரிமியர்’ என்று சொன்னால் டிக்கெட் கொடுப்பார்கள். வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸின் இரண்டாவது ஆலை அங்கேதான் இருந்தது. 1994 முதல் 1997 வரை பெஜோ 309 என்னும் பிரெஞ்சுக் கார் அங்கு உருவாயிற்று. முதல் ஆலை குர்லாவில். பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக அரை நூற்றாண்டு ஓடிய ஃபியட் 1100, 1974 முதல் பத்மினி என்று பெயர் பூண்டதும் குர்லாவில்தான். கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவாகி, இருபதாண்டு வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30 அன்று தெருவை விட்டு நீங்கியது.

அந்தப் பத்மினியையே நம் பாடப் பொருளாகக் கொள்வோம். அதன் எஞ்சினுக்குச் சிலிண்டர்கள் நான்கு. ஒவ்வொன்றும் 68 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 75 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 1089 கன சென்டிமீட்டர். பிஸ்டன் சிலிண்டரின் சுவரை நேரே தொட்டுக்கொண்டு ஓடினால் சூட்டில் விரிந்து இறுகிவிடும். ஆகையால் இரண்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி விடப்படுகிறது. அவ்விடைவெளியை அடைப்பவை பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள். மெக்கானிக்குகள் வாயில் ‘ரிங்’. மேல் வளையங்கள் எரியும் வாயுவைக் கீழே கசியவிடாமல் தடுக்கின்றன. அடி வளையம் சுவரில் தெறித்த எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புகிறது. வழிப்பது என்றால் துடைத்து வெறுமையாக்குவதன்று. ஓரிரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு கனமுள்ள படலம் ஒன்றை விட்டே ஆகவேண்டும். அதுவும் இல்லையேல் வளையமும் சுவரும் உலோகத்தோடு உலோகமாக உரசிப் பாழாகும். அப்படலத்தின் மேல் பரப்பு ஒவ்வொரு எரிப்பிலும் தீயின் முன் நிற்கிறது. அதில் ஒரு சிறு பங்கு ஆவியாகியோ எரிந்தோ புகைப்போக்கி வழியே போய்விடுகிறது.

எவ்வளவு சிறு பங்கு? கணக்கிட்டுப் பார்ப்போமே. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் போகிறதென்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் நெஞ்சு பதைக்கும் அளவுதான். நகரில் கியர் மாற்றி மாற்றி ஓட்டுகையில் கிலோமீட்டருக்கு 3000 சுற்று என்று கொண்டால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 30 லட்சம் சுற்று. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஓர் எரிப்பு. ஆக நான்கு சிலிண்டர்களுக்கும் 60 லட்சம் எரிப்பு. ஒரு லிட்டர் என்பது பத்து லட்சம் கன மில்லிமீட்டர். வகுத்தால் ஓர் எரிப்புக்கு ஆறில் ஒரு பங்கு கன மில்லிமீட்டர்! சுவரின் பரப்போ 16,000 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் இவ்வெண்ணெயைப் பரப்பினால் கனம் மைக்ரானில் நூறில் ஒரு பங்கு. சுவரிலுள்ள படலத்தில் நூற்றில் ஒரு பங்கு தப்பினாலே இவ்வளவு பெரிய செலவு வந்துவிடுகிறது. வளையங்கள் செய்யும் வேலை எத்தனை நுட்பமானது என்பதைப் பாருங்கள். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் நாம் திருகு அளவியால் அளப்பதெல்லாம் இதற்கு முன் மலையை அளப்பது போன்றது.

இனிப் புது எஞ்சினுக்கு வருவோம். சிலிண்டரின் சுவரைக் கண்ணாடி போல் வழவழப்பாக்குவதே நல்லது என்று தோன்றும். பொறியாளர்கள் அவ்வாறு செய்வதில்லை. சாணைக்கற்களைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் ஓட்டி, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே இடுகிறார்கள். பாய் முடைந்தாற்போன்ற அக்கீறல்களில் எண்ணெய் தங்கும். கீறல்களுக்கிடையே மேடுகள் உண்டல்லவா? புது வளையம் அம்மேடுகளின் மேல்தான் முதலில் ஓடுகிறது. சுவரெங்கும் ஒட்டுவதில்லை, ஒட்டாத இடத்தில் எண்ணெய் மேலே தப்புகிறது. ஓட ஓட மேடுகள் தட்டையாகி, வளையமும் தன் சிலிண்டரின் வடிவுக்கு இணங்கிவிடுகிறது. இதுவே ‘ரன்னிங் இன்’ என்னும் பழக்க ஓட்டம். முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் எண்ணெய் சற்று மிகுதியாகச் செலவாகிப் பின் அடங்குவது இதனால்தான்.

முற்காலத்தில் இது பெரிய சடங்கு. ஒவ்வொரு கியரிலும் இத்தனை மைலுக்கு மேல் போகாதே என்று கைநூல் விதித்திருக்கும். இங்கிலாந்தில் ‘பழக்க ஓட்டம், தாண்டிச் செல்க’ என்று பின்கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொண்டு ஊர்ந்தார்கள். நம் டாக்சிக்காரர்களுக்கு இச்சடங்கு ஒருமுறையோடு முடிந்ததில்லை. சிலிண்டர் தேய்ந்தால் ‘போரிங்’ செய்து விட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கிப் பெரிய பிஸ்டனும் வளையமும் போடுவார்கள். மறுபடியும் முதலிலிருந்து பழக்க ஓட்டம். இன்று ஆலையிலேயே இரண்டாம் முறை மென்கல் கொண்டு மேடுகளின் தலையைத் தட்டிவிடுகிறார்கள். பழக்க ஓட்டத்தின் பெரும்பங்கு வண்டி ஆலையை விட்டு வருமுன்னே முடிந்துவிடுகிறது. ஆனாலும் முழுவதும் அன்று.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். புது வண்டியைப் பூப்போல் ஓட்டவேண்டும் என்பார்கள். பாதி உண்மை. வளையத்தைச் சுவரோடு அழுத்துவது அதன் வில்விசை மட்டுமன்று. எரியும் வாயு வளையத்தின் பின்புறம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. பெடலை மிதிக்காமல் தடவிக்கொண்டே ஓட்டினால் அவ்வழுத்தம் போதாது. மேடுகள் தேயா. தங்கிய எண்ணெய் சூட்டில் வெந்து வார்னிஷ் போல் படிந்து கீறல்களை அடைத்துவிடும். பின்னர் அவ்வளையம் படிவதே அரிதாகும். மறுபுறம், புது வண்டியை விரைவுச் சாலையில் உச்ச வேகத்தில் விரட்டினால் மேடுகள் சூடேறிச் சிராய்க்கும். ஆகவே முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை நடுத்தரமான இழுவையும், ஏறி இறங்கும் வேகமும், நிறையச் சுமை ஏற்றாமையும் நன்று. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டலாகாது. நின்ற இடத்தில் எஞ்சினை உறுமவிட்டுச் ‘சூடேற்றும்’ வழக்கம் எதற்கும் உதவாது.

எங்கள் கட்டடத்தில் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் கடன் வாங்கிப் புது சி.என்.ஜி. டாக்சி எடுத்தார். 2800 கிலோமீட்டரில் அளவுகோலை உருவிப் பார்த்தவர் முகம் வாடி என்னிடம் வந்தார். “தம்பி, அரை லிட்டர் குறைஞ்சிருக்கே. மாசம் பொறந்தா தவணை கட்டணும். எஞ்சினே கோளாறுன்னா நான் எங்க போவேன்?” என்றார். ஒரு பட்டறையில் எண்ணெயில் கலக்கும் மருந்து ஒன்றும், கனமான எண்ணெயும் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் வேண்டாம், முதலில் அளப்போம் என்றேன். அரை லிட்டரை 2800 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் ஆயிரத்துக்கு 180 மில்லிலிட்டர்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை போகலாம் என்றே சில கம்பெனிகளின் கைநூல்கள் சொல்கின்றன. அது தயாரிப்பாளர் தமக்கு இட்டுக்கொண்ட தாராளமான வேலி என்பது என் கருத்து. அந்த அளவு எண்ணெய் குடிக்கும் எஞ்சினை நல்ல எஞ்சின் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மேல்குறி வரை நிரப்பி, கிலோமீட்டரை எழுதி வைத்து, அடுத்த 2000 ஓடியபின் அளவுக் குவளையால் ஊற்றிப் பார்த்தோம். 150 மில்லிலிட்டர் பிடித்தது. அதாவது ஆயிரத்துக்கு 75. அண்ணாச்சி அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

குறையாமல் நின்றிருந்தால்? வளையம் மட்டுமே காரணமாகாது. வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பு தேய்ந்தால், இரவெல்லாம் எண்ணெய் வடிந்து, காலையில் கிளப்பியதும் ஒரு கொத்து நீலப்புகை வந்து மறையும். போர் காட்டிலிருந்து கோபோலிக்கு எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கியபின் பெடலை மிதித்ததும் நீலப்புகை வந்தாலும் பெரும்பாலும் அதுவே குற்றவாளி. இறக்கத்தில் எஞ்சினுக்குள் உண்டாகும் வெற்றிடம் எண்ணெயை உறிஞ்சிவிடுகிறது. இழுவையில் ஓயாமல் நீலப்புகை தள்ளினால் வளையத்தை ஐயுறலாம். வடிவமைப்பிலேயே பிழை நேர்வதும் உண்டு. டொயோட்டாவின் 2.4 லிட்டர் எஞ்சின் ஒன்றில் எண்ணெய் மிகுதியாகச் செலவாயிற்று. அமெரிக்காவில் 1200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு மேல் குடித்த வண்டிகளுக்குப் பிஸ்டனையும் வளையங்களையும் கம்பெனி தன் செலவிலேயே மாற்றித் தந்தது. அங்கும் முதலில் கேட்டது அளந்த கணக்கைத்தான்.

எண்ணெயின் நிறத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். சி.என்.ஜி. எஞ்சினில் அது நெடுநாள் தெளிந்தே இருக்கும். பெட்ரோல் வண்டியைக் கிட்டத்துக் கடைக்கும் ஸ்டேஷனுக்கும் மட்டும் ஓட்டினால், சூடேறாத எஞ்சினில் பெட்ரோல் கசிந்து எண்ணெயோடு கலந்து, குறைந்த அளவை நிறைவாகக் காட்டும். இன்னொன்று: முகப்பில் சிவப்பாக எரியும் எண்ணெய் விளக்கு பொதுவாக அழுத்தம் விழுந்ததைச் சொல்வது, அளவு குறைந்ததையன்று. அது எரியும்போது வண்டியை உடனே நிறுத்தாவிட்டால் தாங்கிகள் போய்விடும்.

பார்க்கும் முறை எளிது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் எண்ணெய் வடியவிட்டு, கோலைத் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரு குறிகளுக்கிடையே இருந்தால் போதும். குறைந்திருந்தால் கைநூல் சொல்லும் அதே தரத்து எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மேல்குறியைத் தாண்டி ஊற்றினால் சுழலும் தண்டு எண்ணெயில் அடித்து நுரையாக்கும். நுரையைப் பம்பு சரிவர இறைக்காது.