கிருமிக்குள் புகும் கிருமி

நமக்கு நோய் கொடுக்கும் பாக்டீரியாவுக்கும் நோய் வருமா? வரும், நேயர்களே. பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ்கள் உண்டு. பேஜ் என்று பெயர். அவை நம் உயிரணுக்களைத் தொடுவதில்லை. பாக்டீரியாவின் மேல் ஒட்டி, தன் மரபணுவை உள்ளே செலுத்தி, அங்கேயே பெருகி, கடைசியில் அதை உடைத்துக்கொண்டு வெளியேறும்.

பாக்டீரியா சும்மா இருக்குமா? அதனிடமும் காவல் உண்டு. அவற்றில் ஒன்று கிரிஸ்பர். முன்பு வந்த வைரஸின் மரபணுவில் ஒரு துண்டை வெட்டித் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். போலீஸார் பழைய திருடனின் கைரேகையை வைத்திருப்பது போல. அதே வைரஸ் மறுபடியும் வந்தால் அடையாளம் கண்டு வெட்டிவிடும். இதை 2007இல் நிரூபித்தவர்கள் தயிர் உறைய உதவும் பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள். தயிருக்குள் இவ்வளவு பெரிய சங்கதி!

சில பேஜ்கள் அந்தத் துண்டுக்கு உரிய இடத்தில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு தப்பிவிடுகின்றன. வேறு சில இன்னும் துணிச்சலானவை. காவலனின் கத்தியையே பிடித்துக் கட்டிப்போடும் புரதத்தை அவை தயாரிக்கின்றன. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இதைக் கண்டறிந்தார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். அந்தப் புரதத்தை பேஜ் கையோடு கொண்டுவருவதில்லை. உள்ளே நுழைந்த பிறகுதான் தயாரிக்க வேண்டும். அதற்குள் வெட்டு விழுந்துவிடலாம். பிறகு எப்படி வெல்கிறது? பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் 2018இல் விடை சொல்லின. முதலில் நுழையும் பேஜ் செத்துப்போகிறது. ஆனால் சாவதற்குள் அது தயாரித்த கொஞ்சம் புரதம் அங்கேயே தங்கி, கத்திகள் சிலவற்றை முடக்கிவிடுகிறது. காவல் தளர்ந்த அதே பாக்டீரியாவுக்குள் அடுத்து வருவது பிழைத்துப் பெருகுகிறது. பேஜ்கள் குறைவாக இருந்தால் எல்லாமே அழியும்; ஓர் அளவைத் தாண்டினால் அழிவது பாக்டீரியாதான்.

மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவரும் காலம் இது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பேராசிரியர் டாம் பேட்டர்சனுக்கு 2015இல் எகிப்துக்குச் சென்றிருந்தபோது அப்படியொரு தொற்று ஏற்பட்டது. எந்த ஆன்டிபயாட்டிக்கும் பலிக்கவில்லை. 2016 மார்ச்சில் அவருக்கு பேஜ்களைச் செலுத்தினார்கள். பாக்டீரியா அவற்றையும் எதிர்க்கத் தொடங்கியதால் புதிய பேஜைத் தேடிச் சேர்க்க நேர்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

ஆகவே, ஒரு பேஜ் ஆய்வுக்கூடத் தட்டில் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது என்பது மட்டும் மருத்துவருக்குப் போதாது. நோயாளியின் உடலில் கிருமி பதுங்கியிருக்கும் இடத்துக்கு அது போதுமான எண்ணிக்கையில் போய்ச் சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.