குடியிருந்த வீட்டைப் புதுப்பித்து வாடகைக்கு விடுகிறீர்களா? கவனிக்க வேண்டிய விதிகள்

புது தில்லி: பணியிட மாற்றம், பிள்ளைகளின் படிப்பு போன்ற காரணங்களால் வேறு ஊருக்குக் குடிபெயர்வோர், தாங்கள் வசித்துவந்த வீட்டைப் புதுப்பித்து வாடகைக்கு விடுவதுண்டு. புதுப்பிப்புச் செலவு முழுவதையும் வாடகை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று அவர்களில் பலர் கருதுகின்றனர். ஆனால், வருமான வரி விதிகள் அதற்கு இடமளிப்பதில்லை.

கழிவு எவ்வளவு?

ஆண்டு வாடகையிலிருந்து, உரிமையாளர் செலுத்திய சொத்து வரியைக் கழித்த பின் எஞ்சும் தொகையில் 30 சதவீதம் நிலையான கழிவாக அனுமதிக்கப்படுகிறது. பழுதுபார்ப்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிடாதவருக்கும், பல லட்சம் செலவிட்டவருக்கும் இதே 30 சதவீதம்தான்.

எடுத்துக்காட்டாக, மாத வாடகை ரூ.20,000 எனில் ஆண்டு வாடகை ரூ.2.40 லட்சம். சொத்து வரி ரூ.10,000 போக எஞ்சும் ரூ.2.30 லட்சத்தில் 30 சதவீதமான ரூ.69,000 கழிக்கப்படும். மீதமுள்ள ரூ.1.61 லட்சம் வரிக்குரிய வருமானமாகும்.

கடன் வாங்கினால்...

புதுப்பிப்புக்காகப் பெற்ற கடனின் வட்டிக்குத் தனிக் கழிவு உண்டு. சொந்தக் குடியிருப்பாக இருக்கும் வரை, பழைய வரி முறையில் ஆண்டுக்கு அதிகபட்சம் ரூ.30,000 மட்டுமே கழிக்க இயலும். வாடகைக்கு விட்ட வீடெனில் வட்டி முழுவதையும் கழிக்கலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஆண்டு வட்டி ரூ.54,000 எனில், வரிக்குரிய வருமானம் ரூ.1.07 லட்சமாகக் குறையும்.

எனினும், வட்டி காரணமாக இழப்பு ஏற்பட்டால், பழைய முறையில் ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வரை மட்டுமே ஊதியம் உள்ளிட்ட பிற வருமானத்துடன் ஈடுசெய்யலாம். புதிய வரி முறையில் அவ்வாறு ஈடுசெய்ய இயலாது.

எந்தப் பணிக்கு முன்னுரிமை?

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2-இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டத்தின்படி, கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவர்களுக்கு வெள்ளையடித்தல், தண்ணீர்க் குழாய் மாற்றுதல், மின்கம்பிப் பணி ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவற்றைச் சரிசெய்வது வாடகைதாரரின் பொறுப்பு. எனவே, அலங்கார வேலைகளைவிட நீர்க்கசிவு, குழாய், மின்கம்பி ஆகியவற்றை முதலில் சீரமைப்பதே பயன் தரும். வாடகைதாரர் குடிவந்த பின் இப்பணிகளை மேற்கொள்ள வேண்டுமெனில், 24 மணி நேரம் முன்னதாக அறிவித்த பின்னரே வீட்டினுள் நுழைய முடியும்.

குடியிருப்புக்கான முன்பணம் 2 மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. இது மாதிரிச் சட்டம் என்பதால், மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால் மட்டுமே நடைமுறைக்கு வரும்.

ஒப்பந்தமும் சொத்து வரியும்

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தங்கள் பரவலாக இருப்பதற்கு இதுவே காரணம். தில்லி, பெங்களூரு ஆகிய மாநகரங்களில் உரிமையாளர் வசிக்கும் வீட்டைவிட வாடகை வீட்டுக்குச் சொத்து வரி அதிகம். வாடகையை நிர்ணயிக்கும் முன் இதனையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

புதிய அறை கட்டுதல் போன்ற மேம்பாட்டுச் செலவுகளின் ரசீதுகளைப் பாதுகாத்து வைப்பது நல்லது. பின்னாளில் வீட்டை விற்கும்போது, மூலதன ஆதாயத்தைக் கணக்கிடுகையில் அத்தொகையைக் கழித்துக்கொள்ள அவை உதவும்.