பழைய விளக்குக்குப் பேச்சு புரியுமா?

“அலெக்சா, விளக்கைப் போடு” என்று ஆங்கிலத்தில் சொன்னால் விளக்கு எரிகிறது. 2014-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட ‘எக்கோ’ ஒலிபெருக்கியில் வந்த குரல் உதவியாள்தான் அலெக்சா. ஆனால், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எழுந்து செல்லாமல் விளக்கேற்றும் கருவிகள் அமெரிக்க வீடுகளில் இருந்தன. அவற்றின் பெயர் எக்ஸ்-10. ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் நகரிலிருந்த பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975-இல் இம்முறையை உருவாக்கியது. அது அந்நிறுவனத்தின் பத்தாவது திட்டம். அதனாலேயே இந்தப் பெயர்.

இணையம் அறியாத இக்கருவிகளை அலெக்சாவுடன் இணைக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

எக்ஸ்-10 முறைக்குத் தனிக் கம்பி வேண்டாம். வீட்டின் மின்கம்பியே செய்தியைச் சுமந்து செல்கிறது. அமெரிக்காவில் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் 60. எனவே மின்னழுத்தம் வினாடிக்கு 120 முறை சுழியைக் கடக்கிறது. அந்த நொடிப்பொழுதில், வினாடிக்கு 1,20,000 அதிர்வுகள் கொண்ட சிறு துடிப்பு ஒன்று கம்பியில் ஏற்றப்படுகிறது. அது நீடிப்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு கடப்பில் துடிப்பு இருந்து, அடுத்ததில் இல்லாவிட்டால் அது ‘1’. முறை மாறி வந்தால் ‘0’. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் முகவரியாகும். 16 எழுத்துகள், 16 எண்கள்; ஆக 256 முகவரிகள். முகவரியும் கட்டளையும் போய்ச் சேர 47 சுற்றுகள், அதாவது ஏறத்தாழ 0.8 வினாடி ஆகும்.

அலெக்சாவின் மொழியோ வேறு. நம் குரல் இணையம் வழியே தொலைவிலுள்ள கணிப்பொறிகளுக்குச் செல்கிறது. அங்கே சொற்கள் இனங்காணப்பட்டு, கட்டளையாக வீட்டுக்குத் திரும்புகின்றன. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாதபோது நடுவே துபாஷி வேண்டுமல்லவா? ‘ராஸ்ப்பெரி பை’ போன்ற சிறு கணிப்பொறி அந்த வேலையைச் செய்கிறது. அதில் 2013-இல் தொடங்கப்பட்ட ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்னும் இலவச மென்பொருளை இயக்கலாம். அது, அலெக்சாவுக்கு ஏற்கெனவே பழக்கமான ஃபிலிப்ஸ் ஹ்யூ விளக்குகளின் இணைப்புப் பெட்டியைப் போல வேடம் பூணும். பெற்ற கட்டளையை ‘ஹேயூ’ என்ற மற்றொரு மென்பொருள் எக்ஸ்-10 மொழிக்கு மாற்ற, மின்செருகியில் பொருத்திய சிறு பெட்டி ஒன்று அதைக் கம்பியில் ஏற்றும். பழைய கருவியில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய எக்ஸ்-10 கருவிகளில் பெரும்பாலானவை கேட்கும், பதில் சொல்லா. ஒப்புகை அட்டை இணைக்காத கடிதம் போன்றது இது. கணிப்பொறி, தொலைக்காட்சி ஆகியவற்றின் மின்வழங்கிகள் துடிப்பை உறிஞ்சிவிடலாம். துபாஷியோ, கட்டளையை அனுப்பியதுமே “விளக்கு எரிகிறது” என்று குறித்துக்கொள்ளும். அலெக்சாவும் “சரி” என்று சொல்லிவிடும். அறை இருட்டாகவே இருக்கும்!

எனவே, தாழ்வார விளக்குக்கு இம்முறை போதும். அணைந்ததா என்று உறுதியாகத் தெரியவேண்டிய மின்அடுப்புக்கு ஆகாது. அமெரிக்கக் கருவிகள் 120 வோல்ட்டுக்கு ஆனவை. அவற்றை நம் 230 வோல்ட் மின்செருகியில் பொருத்தவே கூடாது.

பழைய கருவியைக் குப்பையில் எறியுமுன், அதற்கு ஒரு துபாஷி கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தபின், இயந்திரத்தின் “சரி” என்பது கட்டளை புறப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது என்பதையும் மறவாதீர்கள்.