உயிரைக் காத்தது, பல்லைப் பறித்ததா? அமெரிக்காவில் ஒரு விசித்திர வழக்கு!

அபினி பழக்கம் என்ற பேய் ஒருவனைப் பிடித்தால் லேசில் விடாது. வலிக்கு என்று அபின் இன மாத்திரை சாப்பிட ஆரம்பித்து, பிறகு அது இல்லாமல் இருக்கவே முடியாமல் போனவர்கள் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் உண்டு. வேலை போகும். குடும்பம் பிரியும். பலருக்கு உயிரே போய்விடும்.

அவர்களை மீட்க ஒரு மருந்து இருக்கிறது. பெயர் புப்ரெநார்பின். இது கலந்த "சுபாக்சோன்" மாத்திரைக்கு 2002-ம் ஆண்டில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 2010-ல், மெல்லிய தாள் போன்ற வடிவத்திலும் அது வந்தது.

இதை விழுங்கக் கூடாது. விழுங்கினால் பெரும் பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடவேண்டும். தினமும் இப்படி. பலருக்கு ஆண்டுக்கணக்கில்!

எத்தனையோ பேர் பிழைத்தார்கள். மறுபடியும் வேலைக்குப் போனார்கள். பெண்டாட்டி, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆனால் அவர்களில் சிலருக்கு, சாப்பிடப் பல் இல்லாமல் போயிற்று!

அரசு எச்சரிக்கை

2022 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. வாயில் கரையும் இந்த வகை மருந்தைச் சாப்பிட்ட 305 பேருக்குப் பல் கோளாறு ஏற்பட்டதாகத் தகவல் வந்திருந்தது. அதில் 131 பேர் நிலைமை கடுமை. 71 பேருக்குப் பல்லைப் பிடுங்க நேர்ந்தது. 26 பேருக்கு அதற்கு முன் பல்லில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. சராசரி வயது 42தான். பல் விழுகிற வயதா அது?

காரணம் என்ன? இந்த மருந்து கரையும்போது வாயில் புளிப்புத் தன்மை உண்டாகிறது. புளியங்காயைக் கடித்தால் பல் கூசுகிறதல்லவா? அந்தப் புளிப்பு தினமும் பல்லின் மேல் தங்கினால், மேல்பூச்சு இளகிவிடும். அந்த நேரத்தில் பல் தேய்த்தால் பூச்சு இன்னும் சுரண்டுப்படும்.

தடுக்கும் வழி சுலபம். மருந்து முழுதும் கரைந்தபின், ஒரு வாய்த் தண்ணீரை நன்றாகச் சுழற்றி விழுங்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே பல் தேய்க்க வேண்டும். மருந்தையே திடீரென்று நிறுத்திவிடுவது ஆபத்து என்றும் அரசு சொல்லியிருக்கிறது.

"ஏன் சொல்லவில்லை?"

வழக்குப் போட்டவர்கள், "ஏன் இந்த மருந்தைக் கொடுத்தாய்?" என்று கேட்கவில்லை. "இந்த ஒரு வாய்த் தண்ணீர் விஷயத்தை முன்பே ஏன் சொல்லவில்லை?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மருந்தோடு வரும் குறிப்பில் பல்லைப் பற்றிய எச்சரிக்கை ஏறியது 2022-ல்தான்.

பல ஊர்களில் போட்ட வழக்குகள், 2024 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஒரு மத்திய நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. வழக்காடுவோர் ஆயிரக்கணக்கானோர். மருந்து கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுக்கின்றன.

சிக்கல் இனிமேல்தான். போதைப் பழக்கமே பல்லைக் கெடுக்கும். அப்படியானால் மருந்தால் போன பல் எது, முன்பே கெட்ட பல் எது? இதைக் காட்டப் பழைய பல் வைத்தியக் குறிப்புகள் வேண்டும். போதையில் திரிந்த காலத்தில், பல் டாக்டரிடம் போய்க் காட்டியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?