கையை விட்டுப் போகாத விமானம்

பட்டம் விட்டுத் திரிந்த பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதானதும் ஆசை அடுத்த படிக்குப் போகிறது. "உம்மா, மோட்டார் பூட்டின பிளேன் ஒண்டு வாங்கித் தாங்க" என்று கேட்கிறான். வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாவும் கொண்டுவரத் தயார். ஆனால் எதை வாங்குவது, எங்கே பறக்கவிடுவது என்ற கவலை வீட்டிலிருக்கும் உங்களுக்குத்தானே! அப்படியானால் நூல் பிடித்துப் பறக்கவிடும் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் போர்ட்லன்ட் நகரைச் சேர்ந்த ஜிம் வோக்கர் என்பவர் 1940களில் இதைப் பிரபலப்படுத்தினார். பிள்ளை நடுவில் நிற்பான். அவன் கைப்பிடியிலிருந்து இரண்டு நூல்கள் விமானத்துக்குப் போகும். விமானம் அவனைச் சுற்றி வட்டமாகப் பறக்கும். ஒரு நூலை இழுத்தால் வால் தகடு மேலெழும்பி விமானம் ஏறும். மற்றதை இழுத்தால் இறங்கும். அவ்வளவுதான். ரேடியோவும் இல்லை, கண்ணுக்கெட்டாமல் ஓடிப்போவதும் இல்லை.

எதை வாங்குவது?

போர் விமானம் போன்ற அழகான வடிவங்களில் மயங்க வேண்டாம். முதல் விமானம் கட்டாயம் விழும். பலகை போன்ற தட்டையான உடலும், பல்சா மரத்தாலான எளிய சிறகும் உள்ளதே நல்லது. முறிந்தாலும் பசை வைத்து ஒட்டலாம். எண்ணெய் எஞ்சினுக்கு ஊற்றும் எரிபொருளில் மெதனோல் என்ற நஞ்சு உண்டு. சிறுவர் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். பற்றரி மோட்டாரே போதும். அந்தப் பற்றரியையும் இரவில் சார்ஜில் போட்டுவிட்டு உறங்கக் கூடாது.

நூலுக்கு வீட்டிலிருக்கும் தங்கூசியை எடுத்துவிடாதீர்கள். அது இழுபடும், கை சொல்வது வாலுக்குப் போய்ச் சேராது. இழுபடாத பின்னல் தூண்டில் நூல் வாங்குங்கள். சிறிய விமானத்துக்குப் பத்து மீற்றர் நீளம் போதும். இரண்டு நூல்களும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

வீட்டிலேயே மூன்று சோதனை

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் சிறகு கட்டிப் பறந்தார் என்றும், வால் வைக்காததால் இறங்கும்போது காயப்பட்டார் என்றும் வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியிருக்கிறார். பறப்பதைவிடச் சமநிலைதான் முக்கியம் என்பதற்கு இது நல்ல பாடம்.

முதலாவது: பற்றரியையும் பூட்டி, இரு விரல் நுனிகளில் சிறகைத் தாங்கிப் பாருங்கள். சிறகின் அகலம் பத்து சென்றிமீற்றர் என்றால், முன் விளிம்பிலிருந்து இரண்டு சென்றிமீற்றர் அளவில் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் சிறு பாரம் சேருங்கள். வால் பாரமான விமானத்தைப் பிள்ளையால் அடக்க முடியாது.

இரண்டாவது: 'ஏறு' நூலை இழுத்தால் வால் தகடு மேலே வருகிறதா? மாறிப் பூட்டியிருந்தால் முதல் விநாடியிலேயே மண்ணில் குத்தும்.

மூன்றாவது: ஒருவர் விமானத்தைப் பிடிக்க, மற்றவர் கைப்பிடியை விமானத்தின் எடையைப்போல் பத்து மடங்கு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். முடிச்சு நழுவினால் அன்று பறப்பு இல்லை. ஐந்து விநாடிக்கு ஒரு சுற்று என்றால் விமானத்தின் வேகம் மணிக்கு 45 கிலோமீற்றர். அறுந்து வந்தால் ஆளைக் காயப்படுத்தும்.

எங்கே பறக்கவிடுவது?

சகோதரிகளே, இந்த விஷயத்தில் மட்டும் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம். மின்சாரக் கம்பி போகும் இடத்தின் கிட்டவும் போகக் கூடாது. நூல் கம்பியில் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஒழுங்கையும் வேண்டாம், வீட்டு முற்றமும் வேண்டாம். நற்பிட்டிமுனையில் அறுவடை முடிந்து காய்ந்த வயல் நல்ல இடம். விழுந்தாலும் அதிகம் முறியாது. கடற்காற்று எழும்புமுன், சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்த நேரம் நல்லது. பார்க்க வரும் சிறுவர்களை வட்டத்துக்கு வெளியே தூரத்தில் நிறுத்துங்கள். சுழலும் விசிறி விரலை வெட்டும்.

இன்னொன்று. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் நாட்டில் ட்ரோன் பறக்கவிடுவது இடைநிறுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். இது ட்ரோன் அல்ல. என்றாலும் தூரத்தில் நிற்பவருக்கு நூல் தெரியாது. எனவே வயல்காரரிடம் அனுமதி கேளுங்கள். பொலிஸ் நிலையத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பிள்ளையின் விளையாட்டு எவருக்கும் அச்சத்தைக் கொடுக்கக் கூடாது.

முதல் நாள் வாப்பாவோ மாமாவோ பிள்ளையின் பின்னால் நின்று, அவன் கையோடு தன் கையையும் சேர்த்துப் பிடிக்கட்டும். மணிக்கட்டை ஆட்டாமல் முழுக்கையையும் மெதுவாக அசைக்க வேண்டும். தலை சுற்றாமலிருக்க, கண் விமானத்திலேயே இருக்க வேண்டும். மகன் கேட்டால் மகனுக்கு; மகள் கேட்டால் மகளுக்கும்தான்.

பத்துத் தரம் விழும். பதினோராவது தரம் அது வட்டமடித்துத் தானே வந்து இறங்கும்போது, இன்ஷா அல்லாஹ், உங்கள் பிள்ளை பொறுமையையும் கற்றிருப்பான்.