வெளிச்சத்தில் பிலிம், இருட்டில் டிஜிட்டல்

பிலிமா, டிஜிட்டலா என்ற விவாதம் எங்கே தொடங்கினாலும் "எத்தனை ஸ்டாப்?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். ஒரே படத்தில் மிக இருண்ட இடத்தையும் மிகப் பிரகாசமான இடத்தையும் விவரம் கெடாமல் பிடிக்கும் வீச்சுதான் டைனமிக் ரேஞ்ச். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு. 6 ஸ்டாப் என்றால் 64 மடங்கு வித்தியாசம். 14 ஸ்டாப் என்றால் 16,384 மடங்கு.

பிலிம் எல்லாம் ஒன்றல்ல. 1990-இல் வந்த வெல்வியா போன்ற ஸ்லைடு பிலிம் 5, 6 ஸ்டாப்புக்கு மேல் தாங்காது. கோடாக் விஷன்3 போன்ற கலர் நெகட்டிவ் 13, 14 வரை போகும். டிஜிட்டலில் நிக்கான் டி800, 2012-லேயே ஆய்வக அளவீட்டில் 14-ஐத் தாண்டியது. 2022-இல் வந்த அலெக்சா 35 சினிமா கேமராவுக்கு 17 ஸ்டாப் என்கிறது ஆரி நிறுவனம். எண்ணை வைத்துப் பார்த்தால் டிஜிட்டல்தான் முன்னால். ஆனால் வீச்சு தீர்ந்துபோகும் இடத்தில் படம் எப்படிக் கெடுகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

வெயில் விழும் ஜன்னலில் தொங்கும் வெள்ளைத் திரைச்சீலையை எடுத்துக்கொள்வோம். டிஜிட்டல் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் வந்த ஒளிக்கு ஏற்ப நேர்விகிதத்தில் மின்னூட்டத்தைச் சேர்க்கிறது. கொள்ளளவு நிரம்பியதும் அவ்வளவுதான். அதற்கு மேல் எவ்வளவு ஒளி வந்தாலும் ஒரே வெள்ளை. துணியின் மடிப்பு ஒன்றுகூட மிஞ்சாது. 'பர்ன் ஆகிவிட்டது' என்பது இதைத்தான்.

நெகட்டிவில் வெள்ளி உப்புத் துகள்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கின்றன. பெரியவை கொஞ்ச ஒளியிலேயே விழித்துக்கொள்ளும். அவை தீர்ந்த பிறகும் சிறியவை மிச்சமிருக்கும். அதனால் திரைச்சீலை மெல்ல மெல்லத்தான் வெளுக்கும். மடிப்புகள் மங்கினாலும் தெரியும். விழும் ஒளிக்கு ஏற்ப நெகட்டிவ் எவ்வளவு கருக்கிறது என்று ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற ஆய்வாளர்கள் 1890-இல் வரைந்து காட்டிய வளைகோடு மேல்முனையில் சாய்வது இதனால்தான். இந்த ஒரு குணத்துக்காகவே நெகட்டிவ் இன்றும் என் மதிப்புக்குரியது.

ஃபியூஜி இதை டிஜிட்டலுக்குள் கொண்டுவரப் பார்த்தது. 2004-இல் வந்த அதன் எஸ்3 புரோ கேமராவின் சென்சாரில், பெரிய ஒளியுணரி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிறியது ஒன்று இருந்தது. பெரியது நிரம்பினால் சிறியது வெளிச்சத்தின் விவரத்தைக் காக்கும். வெள்ளை கவுன் அணிந்த மணப்பெண்களைப் படமெடுப்பவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

நிழலில் கதை தலைகீழ். ஒரு வெள்ளித் துகள் விழித்துக்கொள்ளக் குறைந்தபட்ச ஒளி வேண்டும். அது கிடைக்காத இடத்தில் நெகட்டிவ் வெறுமையாகவே இருக்கும். அங்கிருந்து எதையும் மீட்க முடியாது. நல்ல சென்சாரோ அதே மூலையிலும் சிறிதளவு பதிவுசெய்திருக்கும். ரா ஃபைலில் நிழலை 3 ஸ்டாப் தூக்கினால் இரைச்சல் கொஞ்சம் தெரியும், படமும் கிடைக்கும். அந்த இரைச்சலில் எவ்வளவைப் பொறுத்துக்கொள்வது என்பதை அளப்பவர்தான் முடிவுசெய்கிறார். ஒரே கேமராவுக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு ஸ்டாப் கணக்கு வருவதற்கு அது ஒரு காரணம்.

ஆகவே கலர் நெகட்டிவ் போட்டால் நிழலுக்கு அளந்து எக்ஸ்போஷர் வையுங்கள். 2 ஸ்டாப் கூடினாலும் பாதகமில்லை. டிஜிட்டலில் வெளிச்சத்துக்கு அளந்து வையுங்கள். பர்ன் ஆன இடம் கேமராவின் பின்திரையில் கண்சிமிட்டும் வசதியை எப்போதும் போட்டே வைத்திருங்கள். அந்த எச்சரிக்கை பெரும்பாலும் ஜேபெக் படத்தை வைத்துக் கணிக்கப்படுவதால், ராவில் எடுப்பவர்களுக்கு அதற்கு மேலும் சற்று இடம் இருக்கும்.